மூப்புக்கு ஏற்ற வீடு: வாக்களிக்கும் முன் வீவக குடியிருப்பாளர்கள் அறிய வேண்டியவை

பழைய வீவக புளோக்குகளில் புதுப்பிப்புப் பணி வரும்போது குடியிருப்பாளர்களிடம் வாக்குக் கேட்கப்படுகிறது. பலர் அதை ‘அரசாங்கம் செய்து தருவதை ஏன் வேண்டாம் என்பது’ என்ற அளவில் முடித்துக்கொள்கிறார்கள். உண்மையில், அந்த வீட்டிலேயே முதுமையைக் கழிக்க முடியுமா, அல்லது பிள்ளைகள் வீட்டுக்கோ தாதிமை இல்லத்துக்கோ போக வேண்டி வருமா என்பதைத் தீர்மானிக்கும் சில சின்னச் சின்ன விவரங்கள் அந்தச் சமயத்தில்தான் முடிவாகின்றன. குளியலறை வாசலில் இருக்கும் ஒரு படி. கழிவறைக் கதவின் அகலம். வீட்டு வாசலுக்கும் தாழ்வாரத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு.

தோ பாயோ, அங் மோ கியோ, பிடோக், கிளமெண்டி போன்ற பேட்டைகளில் 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் எழுந்த புளோக்குகள், சின்னக் குழந்தைகளோடு குடியேறிய இளம் குடும்பங்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. அன்று யாரும் சக்கர நாற்காலியை நினைக்கவில்லை. மின்தூக்கி சில மாடிகளில் மட்டுமே நின்றது. மற்ற மாடிகளில் இருந்தோர் ஏறியோ இறங்கியோதான் வீடு சேர வேண்டும். குந்தி உட்காரும் கழிவறை, வாசலில் உயர்ந்த படி, ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய குளியலறை. முப்பது வயதில் இவை தொந்தரவாகத் தெரியவில்லை. அதே குடும்பத்தலைவிக்கு இன்று 75 வயது.

மின்தூக்கிப் பிரச்சினைக்கு 2001ல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் பெரும்பாலான புளோக்குகளில் தீர்வு கண்டது. கட்டமைப்பு, செலவு போன்ற காரணங்களால் ஏறத்தாழ 150 புளோக்குகளில் எல்லா மாடிகளிலும் மின்தூக்கி நிற்கச் செய்ய முடியவில்லை. அங்கிருந்து உடல்நலக் காரணத்தால் வெளியேற வேண்டிய குடும்பங்களுக்காக 2020ல் அதிகபட்சம் 30,000 வெள்ளி வரையிலான மானியம் அறிமுகமானது. நாற்பது ஆண்டு பழகிய அண்டை வீட்டாரை அந்தப் பணம் ஈடுசெய்யாது என்பது வேறு விஷயம்.

75 விழுக்காடு என்பதன் பொருள்

வீட்டுக்கு உள்ளே நடக்கும் பணிகளுக்கு வீட்டு மேம்பாட்டுத் திட்டம் பொருந்தும். 2007ல் அறிவிக்கப்பட்ட இத்திட்டம் முதலில் 1986ஆம் ஆண்டு வரை கட்டப்பட்ட வீடுகளுக்கு மட்டும் இருந்தது. 2018 தேசிய தினப் பேரணி உரையில் அது 1997 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. வீடுகள் 60, 70 வயதை எட்டும்போது இரண்டாவது சுற்று மேம்பாடு உண்டு என்பதும் அதே உரையில் வந்த அறிவிப்புதான்.

ஒரு புளோக்கில் தகுதிபெறும் சிங்கப்பூர்க் குடிமக்கள் குடும்பங்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் ஆதரித்தால்தான் பணி நடக்கும். நிரந்தரவாசிக் குடும்பங்களுக்கு இதில் வாக்கு இல்லை. அண்மைக்காலத்தில் வீடு வாங்கிய பல இந்தியக் குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை. வாக்கு இல்லாவிட்டாலும் கண்காட்சிக்கும் கருத்தறியும் கூட்டத்துக்கும் போகலாம், கேள்வியும் கேட்கலாம்.

வாக்கு நிறைவேறிவிட்டால் பணிகள் இரண்டு வகையாகப் பிரியும். பெயர்ந்துவிழும் காங்கிரீட்டைச் சரிசெய்தல், கழிவுநீர்க் குழாய் மாற்றம், மின்சாரத் திறனைக் கூட்டுதல் போன்றவை கட்டாயமானவை. பாதுகாப்பும் பொதுச் சுகாதாரமும் சம்பந்தப்பட்டவை என்பதால் வேண்டாம் என்று வாக்களித்தவரும் இவற்றிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. குடிமக்களுக்கு இவற்றின் செலவை அரசாங்கமே ஏற்கிறது. குளியலறை மேம்பாடு, புதிய வாசல் கதவு, இரும்புக் கதவு போன்றவை விருப்பத் தெரிவுகள். இவற்றுக்கு மூவறை மற்றும் அதனினும் சிறிய வீடுகளுக்கு 5 விழுக்காடு, நாலறைக்கு 7.5, ஐந்தறைக்கு 10, எக்ஸிகியூட்டிவ் வீடுகளுக்கு 12.5 விழுக்காடு என்று செலவில் ஒரு பங்கைக் குடியிருப்பாளர் செலுத்த வேண்டும்.

முதியோர் உள்ள வீடுகளில் தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான். ‘குளியலறையைப் போன வருடம்தான் செய்தோம், வேண்டாம்’ என்று ஒரே கோட்டில் அடித்துவிடுவார்கள். போன வருடம் பதித்த பளபளப்பான தரை ஓடு வழுக்குமா, உட்கார்ந்து எழ ஏதேனும் பிடிமானம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. வீட்டில் நடக்கும் வேலை சுமார் பத்து நாள் தூசியும் சத்தமும்தான். அந்தப் பத்து நாளைத் தவிர்ப்பதற்காக அடுத்த இருபது ஆண்டுக்கான வசதியை விட்டுவிடுவது நல்ல கணக்கன்று.

முதியோருக்கான வீட்டு வசதிகளைச் சேர்த்துத் தரும் ‘ஈஸ்’ திட்டம் 2012ல் தொடங்கியது. கைப்பிடிக் கம்பிகள், வழுக்காத தரைக்கான பூச்சு, சரிவுப்பலகை ஆகியவை தொடக்கத்திலிருந்தே இருந்தன. 2024 ஏப்ரல் முதல் மடிக்கக்கூடிய குளியல் இருக்கை, கழிவறை வாசலை அகலப்படுத்துதல் போன்றவையும் சேர்ந்துள்ளன. செலவில் 95 விழுக்காடு வரை மானியம் கிடைக்கும். வீட்டில் 65 வயது அல்லது அதற்கு மேற்பட்ட ஒருவர் இருந்தால் போதும். 60 முதல் 64 வயதுக்குள் இருப்பவர் என்றால், குளித்தல், உடுத்துதல், நடமாடுதல் போன்ற அன்றாடச் செயல்களில் ஏதாவது ஒன்றுக்கேனும் அவருக்குப் பிறர் உதவி தேவைப்பட வேண்டும். இதற்கு வாக்கெடுப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீவகவிடம் நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

கம்பி எங்கே பொருத்தப்படுகிறது என்பது முக்கியம். வலது கை பலவீனமான ஒருவருக்கு வலப்பக்கம் கம்பி வைத்தால் அது துணி உலர்த்தத்தான் உதவும். பக்கவாதம் வந்தவர், முழங்கால் மாற்றியவர், பார்வை குறைந்தவர் என ஒவ்வொருவரின் தேவையும் வேறு. அளவெடுக்க வருவோர் முன்னிலையில் அந்த முதியவரே எழுந்து உட்கார்ந்து காட்டுவது நல்லது. மகனோ மருமகளோ அவருக்காகப் பேசி அனுப்பிவிடும் வழக்கம் நம் குடும்பங்களில் அதிகம்.

புளோக்குக்கு வெளியே

வீட்டு வாசலைத் தாண்டிய இடங்களுக்கு அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம் இருக்கிறது. இதுவும் 2007ல் வந்தது. நகர மன்றங்கள் நடத்துகின்றன. மூடிய நடைபாதை, உடற்பயிற்சி மூலை, இறக்கிவிடும் முகப்பு, புளோக்கின் கீழ்த்தள இருக்கைகள் என்று எதைச் செய்வது என்பதே இதில் கலந்தாலோசனைக்கு உரியது. கூட்டங்கள், சிறு கண்காட்சிகள், கருத்தாய்வுகள் மூலம் யோசனைகள் திரட்டப்பட்டு, வரைவு தயாரான பிறகுதான் 75 விழுக்காட்டு ஆதரவு கேட்கப்படும்.

ஆக, இங்கே பேச்சுக்கு மதிப்புள்ள நேரம் வாக்குக்கு முந்தைய கட்டம். அந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் வேலை முடிந்த மாலையிலோ வார இறுதியிலோ நடக்கும். நடக்கச் சிரமப்படுவோர், இரவு வேலை செய்வோர், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிமார் வருவது குறைவு. யாருக்கு அந்தச் சரிவுப்பாதை அதிகம் தேவையோ அவர் அங்கே இருப்பதில்லை. அடித்தளத் தலைவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்கும் பேட்டைகளில் இந்த இடைவெளி குறைகிறது. கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் போகும் வழியில் எந்த இடத்தில் மூச்சு வாங்க நிற்கிறார் என்பதை ஒரு முதியவர் சொன்னால், இருக்கை எங்கே வேண்டும் என்பதற்கு அதைவிடச் சிறந்த வரைபடம் தேவையில்லை.

இடித்துக் கட்டும்போது

புதுப்பிப்பதோடு நிற்காமல் புளோக்கையே இடித்துக் கட்டும்போது பேச்சு மாறுகிறது. 1995ல் தொடங்கிய ‘செர்ஸ்’ எனும் ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. அரசாங்கம் இடத்தைத் தேர்வுசெய்து அறிவிக்கும். வீட்டுக்குச் சந்தை மதிப்பில் இழப்பீடும், அருகில் புதிய 99 ஆண்டுக் குத்தகை வீடு வாங்கும் வாய்ப்பும் கிடைக்கும். நீண்டகாலம் இது அதிர்ஷ்டச் சீட்டு போலவே பார்க்கப்பட்டது.

2022 ஏப்ரலில் அங் மோ கியோ அவென்யூ 3ன் புளோக் 562 முதல் 565 வரையிலான 606 வீடுகள் தேர்வானபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. அவ்வீடுகளில் ஏறத்தாழ 57 ஆண்டுக் குத்தகை மீதமிருந்தது. அதே அளவுள்ள புது வீட்டுக்கு மாற கையிலிருந்து பணம் போட வேண்டியிருக்குமே என்று வேலை ஓய்வுபெற்ற பலர் கவலைப்பட்டனர். புதிய 99 ஆண்டுக் குத்தகை 70 வயதுக்காரருக்கு எதற்கு என்ற கேள்வியும் எழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் வீவக, 50 ஆண்டுக் குத்தகையில் மாற்று வீடு வாங்கும் வழியையும் சேர்த்தது. வாக்குரிமை இல்லாத திட்டத்திலும் குடியிருப்பாளர்கள் தங்கள் கணக்கைத் தெளிவாக எடுத்துச் சொன்னபோது தெரிவுகள் கூடின.

செர்ஸுக்கு ஏற்றவை மொத்த வீவக வீடுகளில் சுமார் 5 விழுக்காடுதான் என்று அரசாங்கம் கூறியிருந்தது. மற்றவற்றுக்காக 2018ல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அறிவித்ததே ‘வெர்ஸ்’ எனும் விருப்பத்தின்பேரிலான முன்கூட்டிய மறுமேம்பாட்டுத் திட்டம். வீடுகள் ஏறத்தாழ 70 வயதை எட்டும்போது, குத்தகை முடியும் முன்பே அரசாங்கத்திடம் ஒப்படைப்பதா என்று குடியிருப்பாளர்கள் வாக்களிப்பார்கள். வேண்டாம் என்றால் குத்தகை தீரும்வரை அங்கேயே இருக்கலாம். செர்ஸ் அளவுக்குத் தாராளமான சலுகை இதில் இருக்காது என்பதும் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டது. அடுத்த பத்தாண்டின் முற்பாதியில் சில இடங்களில் இது தொடங்கும் என்று தேசிய வளர்ச்சி அமைச்சர் சீ ஹொங் டாட் 2025ல் கூறினார்.

வெர்ஸ் வாக்கு, குழாய் மாற்றுவதற்கான வாக்கைப் போன்றதன்று. இதில் தோற்ற சிறுபான்மையினரும் பெட்டி கட்ட வேண்டும். 80 வயதில் வீடு மாறுவது என்றால் மருந்தகம், கோயில், காலைத் தேநீர் குடிக்கும் காப்பிக்கடை எல்லாமே மாறுவது. மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவருக்குப் பழகிய தாழ்வாரம்தான் வழிகாட்டி. ஆகவே இழப்பீட்டுத் தொகையோடு, மாற்று வீடு எவ்வளவு தூரத்தில், எந்த வடிவமைப்பில் இருக்கும் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

புது வீடுகளில் என்ன இருக்கிறது

2006 முதல் புதிய வீவக வீடுகள் எல்லா வயதினருக்கும் உடற்குறையுள்ளோருக்கும் உகந்த பொது வடிவமைப்பு அம்சங்களுடன் திட்டமிடப்படுகின்றன. ஆயினும் ‘புது வீடு என்றால் விருப்பம்போல் மாற்றலாம்’ என்பது சரியன்று. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்படும் வீடுகளில் உள்ள வீட்டுப் புகலிட அறையின் சுவரை இடிக்க அனுமதி இல்லை. சில தமிழ்க் குடும்பங்கள் அதைப் பூசை அறையாக்கிக்கொள்வது அந்தக் கட்டுப்பாட்டுக்குள் கண்ட வழி.

2024 அக்டோபரில் காலாங்/வாம்போ வட்டாரத்தில் விற்பனைக்கு வந்த கிராஃபர்ட் ஹைட்ஸ் திட்டத்தில் ‘வெள்ளை வீடுகள்’ முன்னோடியாக இடம்பெற்றன. அறைகளுக்கு இடையே தடுப்புச் சுவர் இல்லாமல், குறுக்கே விட்டம் இல்லாத திறந்த வெளியாக வீடு தரப்படும். குழந்தை பிறந்தால் ஒரு அறை, தாயார் வந்து தங்கினால் இன்னொன்று, பிறகு தேவையில்லாதபோது தடுப்பை எடுத்துவிடுவது என்று குடும்பத்தோடு வீடும் மாறலாம். புறநகரில் இதற்கு வேறொரு முன்மாதிரி, 2021ல் அறிமுகமான புக்கிட் பாத்தோக் சமூகப் பராமரிப்பு வீடுகள். 65 வயதுக்கு மேற்பட்டோருக்கான சுமார் 32 சதுர மீட்டர் வீடு. கைப்பிடி, வழுக்காத தரை, சக்கர நாற்காலி நுழையும் குளியலறை ஆகியவை முதலிலேயே அமைந்திருக்கும். 15 முதல் 35 ஆண்டு வரை குத்தகை. அடிப்படைப் பராமரிப்புச் சேவைக்கும் சேர்த்துக் கட்டணம்.

வெர்ஸ் போன்ற திட்டத்தில் மாற்று வீடு பேசப்படும்போது இந்த இரண்டு வடிவங்களில் எது, அல்லது இரண்டுக்கும் நடுவில் எது தங்கள் பேட்டைக்குப் பொருந்தும் என்பதைக் குடியிருப்பாளர்கள் முன்கூட்டியே பேசி வைப்பது பயன் தரும். தனியே வாழும் மூதாட்டிக்குச் சிறிய பராமரிப்பு வீடு போதும். மூன்று தலைமுறை சேர்ந்திருக்கும் குடும்பத்துக்கு அது போதாது. அவர்களுக்குச் சுவரை நகர்த்தும் சுதந்திரம் வேண்டும்.