கனியும் கதையும்: முதல் மனிதர் பற்றிய மறைநூற்புறக் கதைகள்

ஆதாமும் ஏவாளும் உண்ட கனி யாது என்று வினவினால், 'ஆப்பிள்' என்னும் விடை உடனே வரும். அது விவிலியத்திலேயே எழுதப்பட்டிருப்பதாகப் பலரும் நம்புவர். சீர்திருத்தத் திருச்சபையார் ஆதியாகமம் என்றும் கத்தோலிக்கர் தொடக்கநூல் என்றும் வழங்கும் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் ஆப்பிள் இல்லை. 'கனி' என்னும் பொதுச்சொல்லே உள்ளது. நூல் கூறுவது யாது, பின்னோர் கூட்டியது யாது என்று பிரித்தறிதல் மொழிநூலார்க்கு மட்டுமன்றி, எந்நூலையும் பயிற்றுவிக்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமையாகும். முதல் மனிதர் பற்றி விவிலியத்திற்குப் புறத்தே தோன்றிய கதைகளையும், கிறித்தவ மரபு அவற்றை எதிர்கொண்ட முறையையும் இவ்வுரையில் நாம் காண்போம்.

நூலின் இடைவெளிகள்

ஆதியாகமம் சொற்செட்டு மிக்க நூல். தோட்டத்தினின்று வெளியேற்றப்பட்ட இருவரும் முதல் நாள் எவ்வாறு வாழ்ந்தனர் என்று அது கூறவில்லை. பாம்பு பேசிற்று என்கிறது. அதனைச் சாத்தான் என்று அழைக்கவில்லை. காயின் மனைவியை அறிந்தான் என்கிறது. அவள் யாரென்று சொல்லவில்லை. ஆதாம் 930 ஆண்டு வாழ்ந்து இறந்தான் என்று ஒரு தொடரில் முடித்துவிடுகிறது.

இவ்விடைவெளிகளிலேதான் கதைகள் முளைத்தன. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த யூபிலி நூல், காயினின் மனைவி அவன் உடன்பிறந்தாளாகிய ஆவான் என்று பெயர் சுட்டுகிறது. அந்நூல் எத்தியோப்பியத் திருச்சபைக்கு மறைநூல். ஏனைய பெரும்பாலான திருச்சபைகளுக்குப் புறநூல். ஆகவே 'புறநூல்' என்னும் சொல்லே, யார் கூறுகின்றனர் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுவது என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

ஆதாம் ஏவாள் வரலாறு

இக்கதைகளுள் தலையாயது 'ஆதாம் ஏவாள் வரலாறு' என்று அறிஞர் வழங்கும் நூலாகும். இது கிரேக்கம், இலத்தீன், ஆர்மீனியம், ஜார்ஜியம், சிலாவியம் ஆகிய மொழிகளில் வெவ்வேறு வடிவங்களில் கிடைக்கிறது. கிரேக்க வடிவத்தை டிஷெண்டார்ஃப் 1866இலும், இலத்தீன் வடிவத்தை வில்ஹெல்ம் மேயர் 1878இலும் பதிப்பித்தனர்.

இலத்தீன் வடிவத்தின்படி, வெளியேற்றப்பட்ட இருவரும் குடிலமைத்து ஏழு நாள் புலம்புகின்றனர். பின்னர்ப் பசி வருத்துகிறது. விலங்குகள் உண்பனவன்றி வேறு உணவு கிடைத்திலது. இறைவன் இரங்குமாறு நீரில் நின்று தவம் புரிவோம் என்கிறான் ஆதாம். அவன் யோர்தான் ஆற்றில் 40 நாளும், ஏவாள் டைகிரிஸ் ஆற்றில் 37 நாளும் நிற்பதென முடிவாகிறது. 18 நாள் கழிந்தபின், சாத்தான் ஒளிமிக்க வானதூதனாக உருமாறி வந்து ஏவாளை மீண்டும் ஏமாற்றிக் கரையேற்றுகிறான். எம்மை ஏன் துன்புறுத்துகிறாய் என்று வினவப்பட்டபோது, இறைச்சாயலாகிய ஆதாமை வணங்க மறுத்தமையால் தான் விண்ணினின்று தள்ளப்பட்டதாகச் சாத்தான் விடையிறுக்கிறான்.

ஈண்டு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. சாத்தான் ஒளியின் தூதனாக வேடமிடுவான் என்னும் கருத்து, பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் திருமுகத்திலும் உள்ளது. ஆதமை வணங்க மறுத்த இப்லீசின் வரலாறு குர்ஆனில் பலவிடத்து வருகிறது. ஒரே கதைக்கரு சமய எல்லைகளையும் மொழி எல்லைகளையும் கடந்து உலவியமைக்கு இவை சான்றுகளாம்.

ஒரு சொல்லின் பயணம்

இனிக் கனிக்கு மீள்வோம். எபிரேய மூலத்திலுள்ள 'பெரி' எக்கனிக்கும் பொதுப்பெயர். யூத ஆசிரியர் அதனைத் திராட்சை என்றும், அத்தி என்றும், கோதுமை என்றும் பலவாறு கொண்டனர். அத்திக்கு நூலிலேயே ஒரு குறிப்புண்டு. இருவரும் தைத்து உடுத்தவை அத்தியிலைகள். நம் நாட்டு மலாய் வழக்கில் அது 'புவா குல்டி' எனப்படும். குர்ஆனில் வரும் 'நிலைபேற்றின் மரம்' என்னும் அரபுத் தொடரிலுள்ள 'குல்து' என்பதே இப்பெயருக்கு மூலம்.

ஆப்பிள் நுழைந்தமைக்கு நெடுங்காலமாகக் கூறப்படும் காரணம் இலத்தீன் சிலேடையாகும். அம்மொழியில் 'மலும்' என்று குறிலாக ஒலித்தால் தீமை. 'மாலும்' என்று நெடிலாக ஒலித்தால் ஆப்பிள். எழுத்தில் வேறுபாடில்லை. ஆயினும், 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு நூல் வேறொரு விளக்கம் தருகிறது. கனி என்னும் பொதுப்பொருளில் வழங்கிய பழைய பிரெஞ்சுச் சொல், காலப்போக்கில் ஆப்பிள் என்னும் சிறப்புப் பொருளுக்குச் சுருங்கிற்று. அதன்பின் வந்தோர் பழைய மொழிபெயர்ப்பைப் புதிய பொருளில் படித்தனர் என்பது அதன் கருத்து.

தமிழறிந்தார்க்கு இது வியப்பளிக்காது. 'பொன்' என்பது முன்னர் உலோகம் அனைத்திற்கும் உரிய பொதுச்சொல். கரும்பொன், வெண்பொன், ஐம்பொன் என்னும் தொடர்களில் அப்பொருள் இன்றும் எஞ்சியுள்ளது. பொன் தங்கமாகச் சுருங்கியதை அறியாதான் கரும்பொன்னைக் கருநிறத் தங்கம் என்றே கொள்வான். இரும்பு பொன்னாகிய அவ்வழியிலேயே கனியும் ஆப்பிளாயிற்று எனலாம்.

பழி யார்மேல்?

கனியின் பெயர் மாறியதால் எவர்க்கும் தீங்கில்லை. பழியின் பங்கீடு அத்தகையதன்று. ஆதாம் ஏவாள் வரலாற்றில் ஏவாள் இருமுறை ஏமாறுகிறாள். தன்னைக் கொன்றுவிடுமாறு கணவனை வேண்டுகிறாள். குற்றமெல்லாம் தன்னதே என்று மீண்டும் மீண்டும் கூறுகிறாள். இத்தகைய கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள், மூலநூலும் அவ்வாறே கூறுவதாகக் கொண்டன.

மூலத்தைச் சொல் சொல்லாக நோக்குவோம். சபிக்கப்பட்டதாகக் கூறப்படுவன பாம்பும் நிலமுமே. பெண்ணுக்கும் ஆணுக்கும் துன்பம் அறிவிக்கப்படுகிறது. ஆனால் 'சபிக்கப்பட்ட' என்னும் சொல் அவர்கள்மேல் வரவில்லை. கனியைத் 'தன்னோடிருந்த' கணவனுக்குக் கொடுத்தாள் என்று எபிரேயம் கூறுகிறது. எரோனிமுசின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் அவ்வடைமொழி விடுபட்டது. ஒரு சொல் நீங்கியதும், அவ்விடத்தில் ஆணும் இருந்தான் என்னும் சான்று மறைந்தது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் தவறினால் என்ன ஆகும் என்று வினவும் மாணவர்க்கு இதனினும் தெளிவான விடை வேண்டா.

கிறித்தவ மரபின் மதிப்பீடு

திருச்சபைத் தந்தையர் இக்கதைகளைக் கண்மூடி ஏற்றனருமல்லர், முற்றும் எறிந்தனருமல்லர். 6ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததும் பாப்பரசர் ஜெலாசியுசின் பெயரால் வழங்குவதுமாகிய பட்டியல், 'ஆதாமின் தவம்' என்னும் நூலை ஏற்கத்தகாதவற்றுள் வைத்தது. புறநூல்களில் சில உண்மைகள் இருப்பினும், பொய்கள் பல கலந்திருத்தலால் அவற்றுக்கு மறைநூல் அதிகாரம் இல்லை என்றார் அகுஸ்தீன்.

ஆதாம் கொல்கொதாவில் அடக்கம் செய்யப்பட்டான் என்னும் மரபை ஒரிகென் எடுத்துரைத்தார். மத்தேயு நற்செய்திக்கு உரையெழுதிய எரோனிமுசோ, அது செவிக்கு இனியதேயன்றி உண்மையன்று என்னும் கருத்தினர். எனினும் சிலுவையின் அடியில் மண்டையோடு வரையும் ஓவிய மரபு இன்றளவும் நிலைபெற்றுள்ளது. எருசலேமில், கல்லறைக் கோவிலுள் ஆதாமின் பெயரால் ஒரு சிற்றாலயமும் உண்டு. வரலாறாக ஏற்கப்படாத கதை, முதல் மனிதனின் சாவையும் கிறித்துவின் சாவையும் இணைக்கும் குறியீடாக ஏற்கப்பட்டது. இவ்விரு நிலைகளையும் குழப்பாதிருத்தலே இம்மரபினின்று நாம் கற்கத்தக்க நெறி.

களிமண்ணும் கல்லும்

இலத்தீன் வடிவத்தின் இறுதிப்பகுதி மொழி பயில்வார்க்குச் சிறப்பாக உரியது. ஆதாம் இறந்த ஆறு நாளுக்குப்பின், தன் முடிவை உணர்ந்த ஏவாள் மக்கள் அனைவரையும் அழைக்கிறாள். தன் வாழ்வையும் அவர்கள் தந்தையின் வாழ்வையும் கல்லிலும் களிமண்ணிலும் எழுதி வைக்குமாறு பணிக்கிறாள். நீரால் அழிவு வரின் களிமண் கரையும், கல் நிற்கும். நெருப்பால் வரின் கல் பிளக்கும், களிமண் சுட்டு இறுகும் என்பது அவள் கூறும் காரணம். அவ்வண்ணமே சேத் பலகைகளைச் செய்கிறான்.

ஏவாள்மேல் பழியைக் குவித்த அந்நூலே, உலகின் முதல் நூலை எழுதப் பணித்தவளும் அவளே என்று கூறுகிறது. இக்கதைகளை வகுப்பில் கூறும் ஆசிரியர் இதனையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். கூறியபின், ஆதியாகமத்தின் முதல் ஐந்து அதிகாரங்களை மாணவர் கையில் கொடுத்து, இவற்றுள் எவை அங்கு உள்ளன என்று தேடிக் காணச் செய்தல் வேண்டும்.