குத்தின் கனம்: டெம்ப்சி முதல் வைல்டர் வரை

முற்காலத்து வீரர்களின் குத்து வலியதா, இக்காலத்து வீரர்களின் குத்து வலியதா என்பது குத்துச்சண்டை உலகில் நூறாண்டுகளாகத் தீராத வழக்கு. ஓட்டத்துக்கு வினாடிக் கணக்கும் தாண்டலுக்கு அளவுகோலும் இருப்பதுபோல் குத்துக்கென்று ஓர் அளவு மேடையில் என்றுமே இருந்ததில்லை என்பதால், இரு தரப்பாரும் பழைய படச்சுருள்களையும் வெற்றிப் பட்டியல்களையும் நம்பியே வாதாடி வந்திருக்கின்றனர். ஆனால் பட்டியலில் வலிமை என்று பதிவாவது ஒருவருடைய தோளின் திறன் மட்டுமன்று. அவர் அணிந்த கையுறை, அவர் காலத்து விதிமுறை, எதிரே நின்றவரின் உடல்வாகு, விழுந்தவர் எழுந்து நிற்பதற்குக் கிடைத்த வினாடிகள் ஆகிய அனைத்தும் கூடி விளைவித்த ஒன்று அது. இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தாலன்றி எந்த ஒப்பீடும் நிற்காது. எடைக்கு மேல்வரம்பு இல்லாத ஹெவிவெயிட் பிரிவில் சான்றுகள் மிகுதி என்பதால் ஆராய்ச்சியை அங்கே தொடங்குவது பொருந்தும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரிசுச் சண்டைகள் வெறுங்கையாலேயே நடந்தன. 1838இல் வகுக்கப்பட்ட லண்டன் விதிகளின்படி ஒருவர் தரையில் விழுந்ததுமே அந்தச் சுற்று முடிந்துவிடும்; அவருக்கு அரை நிமிட ஓய்வு கிடைக்கும்; அதன்பின் எட்டு வினாடிக்குள் மேடை நடுவிலிருந்த கோட்டருகே வந்து நின்றுவிட்டால் சண்டை தொடரும். இத்தகைய விதிமுறையில் ஒரே குத்தில் ஒருவரை வீழ்த்துவதால் கிடைத்த பயன் சிறிது. அதற்கு மேல், மனிதக் கையின் சிறு எலும்புகள் நெற்றி எலும்பைவிட மிக மென்மையானவை என்பதால், முழு வலிமையோடு தலையில் குத்துபவர் தம் கையையே உடைத்துக்கொள்ளும் ஆபத்து எப்போதும் இருந்தது. 1889 ஜூலை 8 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ரிச்பர்க்கில் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் மோதிய கடைசிப் பெரும் வெறுங்கைச் சண்டை 75 சுற்றுகள், அதாவது இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேலாக நீண்டதற்குச் சல்லிவனின் குத்து பலவீனமானது என்று யாரும் பொருள்கொள்ளமாட்டார்கள். விதிமுறையும் வெறுங்கையும் சேர்ந்து அந்த வலிமையைத் தேக்கி வைத்திருந்தன.

அந்தத் தேக்கத்தை உடைத்தவை ஜான் கிரஹாம் சேம்பர்ஸ் எழுதி, குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரால் 1867இல் வெளியான விதிகள். மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, கையுறை, விழுந்தவர் பத்து வினாடிக்குள் எழ வேண்டும் என்ற கட்டளை ஆகியவை இன்றுவரை குத்துச்சண்டையின் அடித்தளமாக இருக்கின்றன. கையுறை மென்மையானது, ஆகவே அது தலையைக் காக்கிறது என்று பலரும் எண்ணுவதுண்டு. அது காத்தது முதலில் குத்துபவரின் கையைத்தான்; கை உடையும் என்ற அச்சம் நீங்கியதும் தாடையும் நெற்றிப்பொட்டும் முதன்மை இலக்குகளாயின. நாக்அவுட் எனப்படும் முடிவு, அதாவது பத்து எண்ணும் வரை எழ முடியாமல் வீழ்ந்து கிடப்பது, உண்மையில் இந்த விதிகளின் குழந்தை. 1897 மார்ச் 17 அன்று நெவாடாவின் கார்சன் சிட்டியில், ஒரு காலத்தில் நியூசிலாந்தில் கொல்லராக உழைத்த பாப் ஃபிட்ஸிம்மன்ஸ், சுமார் 76 கிலோ எடையுடன், தம்மைவிடக் கனமான ஜேம்ஸ் கார்பெட்டை மார்பெலும்புக்குக் கீழேயுள்ள நரம்புப் பின்னல் மீது குத்திப் பதினான்காம் சுற்றில் வீழ்த்தினார். அதே எடையில் இன்று ஒருவர் ஹெவிவெயிட் பட்டத்துக்குப் போட்டியிடுவதை நினைத்துப் பார்க்கவும் இயலாது.

பழங்காலத்து வலிமைக்குச் சான்றாக எல்லோரும் முதலில் காட்டும் சண்டை 1919 ஜூலை 4 அன்று ஒஹையோவின் டொலீடோ நகரில் கொளுத்தும் வெயிலில் நடந்தது. ஜாக் டெம்ப்சி 85 கிலோ. அவரை எதிர்த்து நின்ற வாகையாளர் ஜெஸ் வில்லார்ட் ஆறரை அடிக்கும் மேலான உயரமும் 111 கிலோ எடையும் உடையவர். முதல் சுற்றிலேயே வில்லார்ட் ஏழு முறை வீழ்ந்தார். மூன்றாம் சுற்றுக்குப் பிறகு அவரால் இருக்கையிலிருந்து எழ முடியவில்லை. டெம்ப்சியின் கைக்கட்டில் சாந்துப்பொடி கலந்திருந்ததாக அவருடைய பழைய மேலாளர் சொன்னது 1964இல் அச்சானபோது டெம்ப்சி அதைத் திட்டமாக மறுத்தார். அந்தச் சண்டையின் படத்தைப் பொறுமையாகப் பார்ப்பவருக்குச் சாந்துப்பொடியின் துணை தேவைப்படாது. வில்லார்ட் விழுந்து, கைகளை ஊன்றி, ஒரு முழங்காலைத் தரையிலிருந்து உயர்த்தும்போதே டெம்ப்சி இரண்டடி தூரத்தில், பெரும்பாலும் அவருடைய பக்கவாட்டிலோ பின்புறமோ காத்து நிற்கிறார். நிமிர்ந்து கைகளை உயர்த்துவதற்குள் அடுத்த குத்து இறங்கிவிடுகிறது. வீழ்த்தியவர் விலகிச் சென்று நடுநிலை மூலையில், அதாவது இருவருக்கும் உரிமையில்லாத மூலையில், நிற்க வேண்டும் என்ற விதி அன்று நடைமுறையில் இல்லை. வில்லார்டோ 37 வயதானவர், மூன்றாண்டுகளுக்கும் மேலாகப் பட்டத்துக்காக மேடையேறாதவர். முதல் வீழ்ச்சி டெம்ப்சியின் இடக்கை வலிமைக்குச் சான்று. எஞ்சிய ஆறில் பெரும்பங்கு விதிமுறைக்கு உரியது.

அந்த விதி மாறியதன் விளைவையும் டெம்ப்சியே அனுபவித்தார். 1927 செப்டம்பர் 22 அன்று சிகாகோவில், ஏழாம் சுற்றில் ஜீன் டன்னியை வீழ்த்திய அவர் உடனே மூலைக்குச் செல்லாமல் நின்றதால் நடுவர் எண்ணத் தொடங்கத் தாமதமாயிற்று. டன்னி எழுந்து, தெளிந்து, சண்டையையும் வென்றார். எட்டாண்டு இடைவெளியில் அதே கைகள், அதே குத்துமுறை. சில வினாடிகளின் வேறுபாடு ஒன்றை வீரகாவியமாகவும் மற்றொன்றைத் தோல்வியாகவும் ஆக்கியது.

குத்தின் வலிமையை மேடைக்கு வெளியே அளக்கும் முயற்சிகள் பிற்பாடு வந்தன. 1985இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்றில் இங்கிலாந்தின் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்து, கருவி பொருத்திய இலக்கின் மீது வினாடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் மோதி 4096 நியூட்டன் விசையை உண்டாக்கியது. நியூட்டன் என்பது விசையின் அலகு. இந்த அளவு ஏறத்தாழ 400 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். ஒலிம்பிக் வீரர்களைக் கொண்டு 2005இல் வெளியான ஆய்வு இன்னும் பயனுள்ள முடிவொன்றைத் தந்தது: கனமான பிரிவினரின் குத்து வலியதாக இருப்பதற்கு முதன்மையான காரணம் கையின் வேகமன்று, முஷ்டிக்குப் பின்னால் வந்து சேரும் உடல் நிறையின் பங்கு. சோவியத் ஆய்வாளர்கள் எண்பதுகளில் கண்டதும் இதையொட்டியதே. தேர்ந்த வீரரின் குத்தில் கால்கள் தரையை உதைப்பதன் பங்கு ஐந்தில் இரண்டு பகுதியை நெருங்குகிறது, தொடக்க நிலையினரிடம் அது ஆறில் ஒன்றளவே.

வியப்பு என்னவெனில், கருவிகள் கண்ட இந்த உண்மையை டெம்ப்சி 1950இல் வெளியிட்ட குத்துச்சண்டைப் பயிற்சி நூலிலேயே விரித்துரைத்திருந்தார். முன்காலைச் சிறிது தூக்கி, உடலின் முழு எடையையும் முன்னோக்கி விழவிட்டு, அந்த வீழ்ச்சி தரையைத் தொடுவதற்கு முன்பே முஷ்டியை இலக்கில் சேர்க்க வேண்டும் என்பது அவர் கற்பித்த முறை. கை அவருக்கு எடையைக் கொண்டுசேர்க்கும் வழி மட்டுமே. எனவே உடற்பயிற்சி அறிவியல் வளர்ந்ததால் இக்காலத்தார் குத்தக் கற்றுக்கொண்டனர் என்ற கூற்று ஏற்கத்தக்கதன்று. குத்தும் கலை 1919இலேயே முதிர்ந்திருந்தது.

வளர்ந்தது உடல். 84 கிலோ எடையுடன் 1952இல் பட்டம் வென்ற ராக்கி மார்சியானோவும் டெம்ப்சியும் இன்று மேடையேறினால், 200 பவுண்டு, அதாவது 91 கிலோ வரம்புடைய குரூஸர்வெயிட் பிரிவிலேயே நிறுத்தப்படுவர். 1980ஐ ஒட்டி உருவான அந்தப் பிரிவே, ஹெவிவெயிட் வீரர்களின் உடல் பெருத்துப்போனதை ஒப்புக்கொண்ட ஏற்பாடுதான். ஆறடி ஒன்பது அங்குல உயரமுள்ள டைசன் ஃப்யூரி போன்றவர்கள் வாகை சூடிய பிரிவில், முஷ்டிக்குப் பின்னால் வரும் நிறை கூடியிருப்பதை மறுக்க முடியாது. தனிக் குத்தின் விசையை மட்டும் கேட்டால் இக்காலத்துப் பெரிய உடல்களுக்கே முதலிடம் தர வேண்டும். எடைக்கு ஏற்ற வலிமையைக் கேட்டால் தீர்ப்பு மாறிவிடும். 49 கிலோவுக்கும் குறைந்த உடலோடு 1916 முதல் 1923 வரை ஃப்ளைவெயிட் உலக வாகையாளராக விளங்கிய வேல்ஸ் நாட்டு ஜிம்மி வைல்டை, தி ரிங் இதழ் 2003இல் வெளியிட்ட தலைசிறந்த குத்து வீரர் வரிசையில் மூன்றாமிடத்தில், ஜோ லூயிக்கும் சாம் லாங்ஃபோர்டுக்கும் அடுத்ததாக வைத்தது இந்த நோக்கில்தான்.

வெற்றி விழுக்காடுகளோ மிகவும் ஏமாற்றுபவை. டியோன்டே வைல்டர் 2020இல் ஃப்யூரியிடம் தோற்பதற்கு முன் பெற்ற 42 வெற்றிகளில் 41 நாக்அவுட். மார்சியானோவின் 49 வெற்றிகளில் 43. ஆனால் நடுவரும் மருத்துவரும் அடிபட்டவரைக் காப்பதற்காகச் சண்டையை முன்கூட்டியே நிறுத்தும் வழக்கம் இக்காலத்தில் வலுப்பட்டிருக்கிறது. அந்த நிறுத்தங்களும் நாக்அவுட் கணக்கில்தான் சேர்கின்றன. மார்சியானோவின் காலத்து நடுவர் அதே அடிக்குச் சண்டையைத் தொடரவிட்டிருப்பார். அடிபட்ட மனிதரின் நலனுக்கு இந்த மாற்றம் பெருநன்மை. பட்டியலை வைத்து ஒப்பிடுபவருக்கு அது தீராத இடைஞ்சல்.

இவற்றையெல்லாம் கழித்தபின் எஞ்சும் நம்பகமான சான்று, இரு தலைமுறைகளின் குத்தையும் தம் உடலில் வாங்கியவர்களே. லாரி ஹோம்ஸ் 1979இல் எர்னி ஷேவர்ஸின் வலக்குத்தில் ஏழாம் சுற்றில் சாய்ந்து, எழுந்து, பின்னர் வென்றார். 1988இல் மைக் டைசன் அவரை நான்காம் சுற்றில் வீழ்த்தினார். தம்மைத் தோற்கடித்த டைசனைவிடத் தம்மிடம் தோற்ற ஷேவர்ஸின் குத்தே வலியது என்று ஹோம்ஸ் சொல்லிவந்தது, எந்தப் புள்ளிவிவரத்தையும்விட எடையுள்ள சாட்சியம்.

அதனினும் வலிய சாட்சியம், குத்தை வாங்கியவராக அன்றி இரு தலைமுறைகளிலும் தாமே குத்தியவரான ஜார்ஜ் ஃபோர்மன். 1973 ஜனவரி 22 அன்று ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 99 கிலோவை நெருங்கிய எடையோடு, ஜோ ஃப்ரேசியரை இரண்டு சுற்றுகளில் ஆறு முறை அகன்ற வீச்சுக் குத்துகளால் வீழ்த்தியவர் அவர். இடையில் பத்தாண்டுகள் குத்துச்சண்டையைத் துறந்திருந்த அவர், 1994 நவம்பர் 5 அன்று லாஸ் வேகாஸில் 45 வயதில் 113 கிலோ எடையுடன், அதுவரை தோல்வியே அறியாத 26 வயது மைக்கேல் மூரர் முன் நின்றார். ஒன்பது சுற்றுகள் அவர் பின்தங்கியே இருந்தார். கால்கள் மெதுவாகவே நகர்ந்தன. பத்தாம் சுற்றில் இடக்கையால் தொட்டு வழி திறந்து, வலக்கையைக் குறுகிய தூரமே செலுத்தி மூரரின் தாடையில் பதித்தார். மூரர் மல்லாந்து கிடக்க நடுவர் பத்து எண்ணி முடித்தார். அந்த வலக்குத்தில் கிங்ஸ்டனின் வேகம் இல்லை. ஆனால் அதன் பின்னால் கிங்ஸ்டனில் இல்லாத ஏறத்தாழ பதினைந்து கிலோ இருந்தது.