கோப்பை கழுவின கதை

ஊருக்குப் போன் போட்டா அப்பா கேக்கற முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" ரெண்டாவது, "அப்படி என்னதான்டா வேலை பாக்குற?" பதினெட்டு வருஷமா பொட்டி தட்டறேன், இதுக்கு ஒழுங்காப் பதில் சொன்னதில்லை. போன வாரம்தான் சொன்னேன். அதுக்குக் கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தணும், பொறுத்துக்குங்க மக்களே :-)

அப்பா மூணாறுல எஸ்டேட் ஃபேக்டரித் தொழிலாளி. டீ மேக்கர் ருசி பார்க்கற மேசையைத் தயார் பண்றதும் அவர் வேலை. வரிசையா வெள்ளைக் கோப்பை. எல்லாத்துலயும் ஒரே எடைத் தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம். டீ மேக்கர் சர்ருன்னு உறிஞ்சுவார், துப்புவார், அடுத்த கோப்பைக்குப் போயிடுவார். "ஏம்ப்பா எல்லாக் கோப்பையும் ஒரே மாதிரி இருக்கு?"ன்னு சின்ன வயசுல கேட்டேன். "கோப்பை மாறினா, குத்தம் தூள்லயா கோப்பையிலயான்னு எப்படிடா தெரியும்?" அவ்வளவுதான் சொன்னார். இதுக்கு 1980-ல ஐ.எஸ்.ஓ. 3103-ன்னு ஒரு தரமே வந்துச்சு: 100 மில்லி தண்ணிக்கு 2 கிராம் தூள், 6 நிமிஷம்.

டீக்கும் கம்ப்யூட்டருக்கும் பழைய சொந்தம் உண்டு. லண்டன்ல டீயும் கேக்கும் வித்த ஜே. லயன்ஸ் கம்பெனி, கேம்பிரிட்ஜ்ல மாரிஸ் வில்க்ஸ் குழு கட்டின எட்சாக் கம்ப்யூட்டருக்கு 3,000 பவுண்டு கொடுத்துச்சு. எட்சாக் 1949 மே 6-ல முதல் புரோகிராமை ஓட்டிச்சு. அதைப் பார்த்து லயன்ஸ் தானே கட்டின லியோ, 1951 நவம்பர்ல பேக்கரிக் கணக்கை வாரந்தோறும் போட ஆரம்பிச்சது. வணிக வேலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது அப்படித்தான்.

எட்சாக்ல இன்னொரு புதுமை, சப்ரூட்டீன் நூலகம். அடிக்கடி தேவைப்படற கணக்கை ஒரு தடவை எழுதி, காகித நாடாவுல துளைச்சு, அலமாரியில வச்சிருந்தாங்க. வேணுங்கறவங்க எடுத்துத் தன் புரோகிராமோட சேர்த்துக்கலாம். இதுக்கு வழி பண்ணின டேவிட் வீலர் 1952-லயே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்: நூலகத்துக்குன்னு எழுதறது சும்மா எழுதறதை விட ரொம்பக் கூடுதல் உழைப்பு, பொதுவா எழுதணும், நல்லா சோதிக்கணும், விளக்கமும் எழுதி வைக்கணும்.

எனக்கு அது லேட்டாத்தான் புரிஞ்சது. முதல் புராஜெக்ட்ல லாகின் பண்ற படிகளை 140 டெஸ்ட்லயும் காப்பி பேஸ்ட் பண்ணி வச்சிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை லாகின் திரையில புதுசா ஒரு பெட்டி முளைச்சது. 140-ம் சிவப்பு! போனை சைலண்ட்ல போட்டுட்டு விடிய விடிய ஆணி புடுங்கினேன். காலையில பார்த்தா அப்பாகிட்டருந்து ஆறு மிஸ்டு கால். அப்பத்தா ராத்திரியே போய்ச் சேர்ந்துட்டா. கடைசியா "பேராண்டி எங்க?"ன்னு கேட்டாளாம்.

அடுத்த வாரம் லாகினை ஒரே ஃபங்ஷனாக்கினேன். பேரும் பாஸ்வேர்டும் வெளியிலருந்து வரும். திரை எப்படி இருக்குன்னு அந்த ஃபங்ஷனுக்கு மட்டும்தான் தெரியும். திரை மாறினா ஒரே இடத்துல திருத்தினாப் போதும். ஒவ்வொரு டெஸ்டும் முடிஞ்சதும் தான் போட்ட டேட்டாவை அழிச்சுடணும், இல்லன்னா அடுத்த டெஸ்ட்ல பழைய ருசி ஒட்டிக்கும். கென்ட் பெக் 1994-ல எழுதின எஸ்யூனிட்டும், எரிக் காமாவோட சேர்ந்து 1997-ல விமானத்துல தொடங்கின ஜேயூனிட்டும் இதை 'செட்அப்', 'டியர்டவுன்'னு பழக்கமாவே ஆக்கிட்டாங்க.

ஒரு ஆபத்தும் இருக்கு. தராசு கோணினா எல்லாக் கோப்பையும் சேர்ந்து பொய் சொல்லும். பொது ஃபங்ஷன்ல தப்பு இருந்தாலும் அதே கதைதான். அதனால அந்த ஃபங்ஷனுக்கே தனியா டெஸ்ட் வேணும்.

இதையெல்லாம் அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்ப நீயும் கோப்பைதான் கழுவுற"ன்னார்.

ஆமாப்பா. இப்ப போனை சைலண்ட்ல போடறதில்லை.