பாரோமீட்டர் பொய் சொல்லாமல் இருக்க: மெட்ராஸ் கோட்டை ஆஸ்பத்திரி முதல் கோவில்பட்டி மொட்டைமாடி வரை

1/ கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் புரட்டாசியில் வருஷா வருஷம் ஒரு சூதாட்டம் நடக்கும். மழை வருமுன்னே காய்ந்த கரிசலில் விதையைப் போட்டுட்டு வானத்தைப் பார்க்கிறது. அடைமழை சரியா பிடிச்சா பயிர். ரெண்டு தூறல் போட்டு முளைக்க வெச்சுட்டு ஓடிப்போனா, விதைக் காசும் உழவுக் கூலியும் மண்ணோட போச்சு.

2/ அதனால இப்போ சிலர் வீட்டு மாடியிலேயே சின்ன வானிலை நிலையம் வைக்கிறாங்க. அப்படி வெச்ச நண்பர் ஒருத்தர் கேட்டார்: "டாக்டர், என் பாரோமீட்டர் 998 காட்டுது. வானிலை மையம் 1010-னு போடுறாங்க. புயல் ஏதும் வருதா?" புயலும் இல்ல, கருவிக் கோளாறும் இல்ல. ஆனா பதில் புரிய 250 வருஷம் பின்னாடி போகணும். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாங்க.

3/ வானிலைக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்? நாங்க தினமும் எழுதுற பி.பி. 120/80 என்பதே மில்லிமீட்டர் பாதரசக் கணக்குதான். கையில் பட்டை கட்டி பி.பி. பார்க்கும் பாதரசக் கருவியை 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி கொண்டுவந்தார். அதுக்குக் கொள்ளுத் தாத்தா, 1640-களில் டோரிச்செல்லி செஞ்ச பாதரசக் குழாய். அதாவது பாரோமீட்டர்.

4/ டயல் வெச்ச பி.பி. கருவி நாளாக நாளாக நழுவும். 10 கூடக் காட்டினா இல்லாத நோய்க்கு மாத்திரை. 10 குறைச்சுக் காட்டினா இருக்கிற நோய் தப்பிப் போகும். அதனால நம்பகமான இன்னொரு கருவியோட அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்க்கணும். பாரோமீட்டருக்கும் இதே விதி. இந்த இழையில் நான் சொல்ல வர்றது இந்த ஒரு விஷயம்தான்.

5/ நம்ம ஊரில் இதை ஆரம்பிச்சவர்களில் ஒருத்தர் ஒரு ஆஸ்பத்திரி டாக்டர். வில்லியம் ராக்ஸ்பர்க், மெட்ராஸ் புனித ஜார்ஜ் கோட்டை ஆஸ்பத்திரியில் உதவி சர்ஜன். பின்னாளில் தாவரவியலில் பெரிய பேர் எடுத்தவர். அவர் குறிச்சு வெச்ச வானிலை நாட்குறிப்பு 1778-இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. 1664-இல் கோட்டைக்குள் தொடங்கின அந்த ஆஸ்பத்திரிதான் இன்றைய ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் மூலம்.

6/ அடுத்தவரும் டாக்டர்தான். கல்கத்தாவில் பிரான்சிஸ் பால்ஃபர். காய்ச்சல் ஏறி இறங்குறதுக்கு நிலாவும் சூரியனும் காரணம்னு நம்பினவர். 1794-இல் ஒரு மாசம் அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாரோமீட்டர் அளவுகளை எடுத்தார். காய்ச்சல் கொள்கை தப்பாப் போச்சு. ஆனா அளவு தப்பாகல.

7/ அவர் பார்த்தது இது: காற்றழுத்தம் தினமும் ரெண்டு தடவை ஏறி ரெண்டு தடவை இறங்குது. காலை 10, இரவு 10 மணி வாக்கில் உச்சம். அதிகாலை 4, மாலை 4 மணி வாக்கில் பள்ளம். சூரிய வெப்பம் மேல்வளிமண்டலத்தில் கிளப்பும் அலை இது. நம்ம தென் தமிழ்நாட்டில் மேடுக்கும் பள்ளத்துக்கும் 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் சாதாரணம். மாலை 4 மணிக்கு முள் இறங்குறதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தினமும் இறங்கும்.

8/ 1792-இல் நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் வானாய்வகம் வந்தது. 1796-இலிருந்து வானிலைக் குறிப்புகள் தொடர்ச்சியாக எழுதப்பட்டன. எழுதினாங்க, சரி. அந்த எண்ணை அப்படியே நம்பலாமா? இங்கதான் சிக்கல் ஆரம்பம்.

9/ முதல் சிக்கல், சூடு. பாதரசம் வெயிலில் விரியும். அழுத்தம் மாறாமலே குழாயில் மட்டம் ஏறும். 0 டிகிரியில் காட்டுறதைவிட 30 டிகிரியில் கிட்டத்தட்ட 3.7 மில்லிமீட்டர் கூடக் காட்டும். அதாவது ஏறக்குறைய 5 ஹெக்டோபாஸ்கல். பாரோமீட்டர் பக்கத்திலேயே ஒரு வெப்பமானி வெச்சு, அதையும் எழுதி, கணக்குப் போட்டுக் கழிக்கணும்.

10/ ரெண்டாவது, புவியீர்ப்பு. பூமத்திய ரேகைப் பக்கம் ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. அதே காற்றைத் தாங்க பாதரசம் கொஞ்சம் உயரமா நிக்கும். கோவில்பட்டி இருக்கிற 9 டிகிரி அட்சரேகையில் இந்தப் பிழை மட்டும் சுமார் 2.5 ஹெக்டோபாஸ்கல். லண்டனில் செஞ்ச கருவியை இங்கே கொண்டுவந்து அளந்தா, இதையும் கழிச்சாத்தான் உண்மை.

11/ மூணாவது, உயரம். இதுக்கு நம்ம பக்கத்து மலையிலேயே ஒரு கதை இருக்கு. ஜான் ஆலன் பிரவுன் 1852-இல் திருவிதாங்கூர் மகாராஜாவின் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துக்காரர். 1855-இல் அகத்தியமலை உச்சியில் இன்னொரு ஆய்வகம் கட்டினார். 1,800 மீட்டருக்கு மேல், அடர்ந்த காட்டுக்குள்ள. நாம குடிக்கிற தாமிரபரணி பிறக்கிற அதே மலை.

12/ எதுக்கு இந்தப் பாடு? கீழே ஒரு கருவி, மேலே ஒரு கருவி, ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் எது காற்றின் குணம், எது இடத்தின் குணம்னு பிரிக்க முடியும். கடல் மட்டத்தில் 1010 இருக்கிறப்ப அந்த உச்சியில் 820-க்கும் கீழே இருக்கும். உயரக் கணக்கு இல்லாம அந்த எண்ணைப் பார்த்தா உலகத்திலேயே பெரிய புயல்னு நினைச்சுடுவோம்.

13/ 1864 அக்டோபரில் கல்கத்தாவை ஒரு பெரும் புயல் அழிச்சது. அடுத்த மாசமே மசூலிப்பட்டினத்தில் இன்னொன்று. 1866-இல் ஒரிசா பஞ்சம். அப்புறம்தான் நாடு முழுக்க ஒரே அமைப்பு வேணும்னு அரசுக்கு உறைச்சது. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. மாகாணத்துக்கு ஒரு முறை, ஊருக்கு ஒரு கருவின்னு கிடந்ததை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவர்றது அவர் தலையில் விழுந்த வேலை.

14/ அடுத்த வருஷமே மழை பொய்த்தது. 1876–78 பெரும் பஞ்சம், நம்ம தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தாங்க. அந்த வருஷங்களின் அளவுகளை அடுக்கிப் பார்த்த பிளான்ஃபோர்டு ஒண்ணைக் கவனிச்சார்: காற்றழுத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலா, ரொம்பப் பெரிய பரப்பில், மாசக்கணக்கில் நீடிச்சிருக்கு.

15/ எவ்வளவு கூடுதல்? இந்த மாதிரிப் பருவகால மாற்றங்கள் சராசரியில் ஓரிரு ஹெக்டோபாஸ்கல் அளவுதான். இப்போ 9, 10-ஆம் பதிவுகளைத் திரும்பப் பாருங்க. சூட்டுப் பிழை 5, ஈர்ப்புப் பிழை 2.5. திருத்தாத கருவியில் பஞ்சத்தின் தடயம் பிழைக்குள்ளேயே புதைஞ்சு போயிருக்கும். கருவிகளை ஒப்பிட்டுத் திருத்தினதாலதான் அது கண்ணுக்குத் தெரிஞ்சது.

16/ 1899-இல் மறுபடி பெரும் வறட்சி. 1904-இல் கில்பர்ட் வாக்கர் என்ற கணிதக்காரர் துறைத் தலைவரா வந்தார். உலகம் முழுக்க உள்ள நிலையங்களின் அளவுகளை இந்தியக் குமாஸ்தாக்களை வெச்சுக் கையாலேயே கணக்குப் போட வெச்சார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினா இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும். அங்கே இறங்கினா இங்கே ஏறும். இந்த ஏத்தம்-இறக்கத்துக்கு 1924-இல் 'தெற்கத்திய அலைவு'ன்னு பேர் வெச்சார். எல் நினோவின் காற்றுப் பாதி இதுதான்.

17/ கரிசல்காரங்க இங்க ஒண்ணு கவனிக்கணும். 'எல் நினோன்னா வறட்சி'ன்னு டிவியில் சொல்றது முக்கியமா தென்மேற்குப் பருவமழைக்கு. நமக்குச் சோறு போடுறது வடகிழக்குப் பருவமழை. எல் நினோ வருஷங்களில் அது பெரும்பாலும் நல்லாவே பெய்யும். 2015-லும் 2023-லும் எல் நினோ, வெள்ளம் பார்த்தோம். 2016 கடைசியில் எல் நினோ இல்லை; தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் குறைஞ்சது. எப்பவும் இப்படியே நடக்கும்னு உத்தரவாதம் கிடையாது. ஆனா இந்தச் சாய்வு இருக்கு.

18/ பழைய மெட்ராஸ் குறிப்புகள் என்னாச்சு? 2002-இல் ராப் ஆலனும் சக ஆய்வாளர்களும் 1796 முதலான சென்னைக் காற்றழுத்த வரிசையை மீட்டு வெளியிட்டாங்க. பழைய அளவுகளை இன்றைய அளவுகளோட சேர்க்கக்கூடிய மாதிரி திருத்தி எடுக்கிறதுதான் அதில் பெரிய வேலை. 200 வருஷம் முன்னாடி யாரோ வெப்பமானியையும் பார்த்து எழுதி வெச்சதால அது சாத்தியமாச்சு.

19/ இப்போ நம்ம மொட்டைமாடிக்கு வருவோம். வீட்டு நிலையங்களில் இருக்கிறது பாதரசம் இல்ல, விரல்நகத்தைவிடச் சின்ன சிலிக்கான் சில்லு. பரவலா விற்கிற பாஷ் கம்பெனியின் பி.எம்.இ.280-ஐ எடுத்துக்குங்க. ஏற்ற இறக்கத்தை 0.12 ஹெக்டோபாஸ்கல் அளவுக்குத் துல்லியமாப் பிடிக்கும். ஆனா மொத்த எண்ணில் 1 வரை முன்னப்பின்ன இருக்கலாம். பலகையில் பற்றவைக்கிறப்பவும் நகரும், வருஷம் போகப் போகவும் நகரும். தயாரிப்பாளரே அப்படித்தான் எழுதியிருக்காங்க.

20/ நண்பரின் 998-க்கு இப்போ பதில். கோவில்பட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம். 100 மீட்டருக்கு ஏறக்குறைய 11 முதல் 12 ஹெக்டோபாஸ்கல் குறையும். 998-உடன் 12 சேர்த்தால் 1010. கருவி மாடியின் அழுத்தத்தைச் சொன்னது. வானிலை மையம் கடல் மட்டத்துக்கு மாத்திச் சொன்னது. ரெண்டுமே உண்மை.

21/ லினக்ஸ் கணினியோ ராஸ்பெரி பையோ வெச்சிருக்கிறவங்க செய்ய வேண்டிய முதல் வேலை: மென்பொருளின் அமைப்புக் கோப்பில் கருவி இருக்கிற உயரத்தைச் சரியா எழுதுறது. தரை உயரத்தோட மாடி உயரத்தையும் சேர்க்கணும். 8 மீட்டர் தப்பினா கிட்டத்தட்ட 1 ஹெக்டோபாஸ்கல் போச்சு.

22/ ரெண்டாவது வேலை ஒப்பீடு. பக்கத்துப் பெரிய விமான நிலையம் மதுரை. விமானிகளுக்காக அவங்க வெளியிடும் வானிலை அறிக்கையில் கியூ.என்.எச். என்ற அழுத்த எண் வரும். அறிக்கை வர்றப்ப எல்லாம் அதையும் உங்க கருவியின் அளவையும் ஒரே கோப்பில் பதிய, கிரான் வேலை ஒண்ணு போட்டு வைங்க. ரெண்டு வாரம் ஓடட்டும்.

23/ இதில் மூணு நுணுக்கம். ஒண்ணு, கியூ.என்.எச். எப்பவும் கீழ் முழு எண்ணுக்கு வெட்டப்படும், 1010.9 இருந்தாலும் 1010-தான். அதனால சராசரியில் 0.5 கூட்டிக்குங்க. ரெண்டு, அது நிலையான வளிமண்டலக் கணக்கில் வர்றது. உங்க மென்பொருளிலும் 'ஆல்டிமீட்டர்' எண்ணையே எடுத்து ஒப்பிடுங்க. நம்ம வெயிலில் மத்த எண்ணோட ஒப்பிட்டா அரை ஹெக்டோபாஸ்கல் சும்மாவே பிசகும்.

24/ மூணாவது, நேரம். காலை 10, மாலை 4 மணி வாக்கில் அலை திரும்புற இடம். அப்போ அழுத்தம் ரொம்ப மெதுவாத்தான் மாறும். பத்து நிமிஷம் முன்னப்பின்ன ஆனாலும் பாதகமில்லை. காத்து அமைதியா இருக்கிற நாட்களை மட்டும் எடுங்க. மதுரைச் சராசரி 1010.5, உங்களது 1009.2-ன்னா 1.3 கூட்டும்படி அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதுங்க. தேதியையும் குறிச்சு வைங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாருங்க.

25/ எல்லாம் சரியா செஞ்சாலும் பாரோமீட்டருக்கு ஒரு எல்லை உண்டு. 2023 டிசம்பர் 17–18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தென் மாவட்டங்கள் மூழ்கின. காரணம் புயல் இல்ல. குமரிக்கடல் பகுதியில் இருந்த வளிமண்டலச் சுழற்சி. அந்த மாதிரி மழையை மாடியில் இருக்கிற அழுத்தக் கருவி மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பி.பி. நார்மல்னா ஆள் முழு ஆரோக்கியம்னு அர்த்தமா? இல்லல்ல, அதே மாதிரிதான்.

26/ அதனால எச்சரிக்கைக்கு வானிலை மையத்தைப் பாருங்க. விதைப்பு யோசனைக்கு, 1901-இலிருந்து நம்ம ஊரிலேயே இருக்கிற வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைக் கேளுங்க. உங்க மாடி நிலையத்தை நீண்ட காலக் குறிப்புக்கு வைங்க. திருத்தின தேதியும் உயரமும் எழுதின பத்து வருஷக் குறிப்பு ஒண்ணு நம்ம கரிசலில் இருந்தா, அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு அது பயன்படும். மாடியில் கருவி வெச்சிருக்கிறவங்க உங்க ஊர், உயரம், எவ்வளவு வித்தியாசம் வந்ததுன்னு கீழே போடுங்க. ஒப்பிட்டுப் பார்ப்போம்.