யந்திரத்தின் நாடி

குப்பம் ரயில் நிலையத்தை நில்லாமல் கடக்கும் வண்டிகளை நாம் கண்டிருக்கிறோம். ஜோலார்பேட்டைக்கும் பெங்களூருக்கும் இடையிலான அப்பாதை 1864-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. வண்டி கடக்கும் பொழுது நிலைய ஊழியர் கொடியேந்தி நின்று, அச்சு சூடேறிப் புகைகின்றதா என்று நோக்குவர். குறை காணின் செங்கொடி காட்டுவர். அச்சு முறியுமுன் காய்கின்றது. காய்வதைக் கண்டவன் முறிவைத் தடுக்கிறான். கணிப்பொறிகளைக் காக்கும் கலையின் வரலாறும் இவ்வுண்மையை ஒட்டியே வளர்ந்ததாகும்.

1946-இல் அமெரிக்காவில் உலகுக்கு அறிமுகமான 'எனியாக்' கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. பழைய வானொலிப் பெட்டிகளில் ஒளிர்ந்த வால்வுகளின் இனமே அவையும். அவை பெரும்பாலும் சூடேறும் பொழுதும் ஆறும் பொழுதுமே பழுதாயின. ஆதலின் பொறியை அணைக்காமலே வைத்திருக்க முயன்றனர். பின்னர் வந்த 'வேர்ல்விண்ட்' என்னும் பொறியில், வேண்டுமென்றே மின்னழுத்தத்தை மாற்றி, தளர்ந்த உறுப்புகளை முன்னதாகவே இனங்கண்டனர். நோயாளியைப் படியேறச் செய்து நாடி பார்க்கும் வைத்தியரின் முறை இது.

நம் நாட்டில், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய 'டிஃப்ராக்' பொறியிலும் சுமார் 2,700 வால்வுகள் இருந்தன. அதற்கு 1962-இல் பெயர் சூட்டியவர் பிரதமர் நேரு.

வால்வுகள் மறைந்து நுண்சில்லுகள் வந்ததும், பழுது கண்ணுக்குப் புலப்படாததாயிற்று. எனவே பொறிக்குள்ளேயே காவலர் அமர்த்தப்பெற்றனர். 1990-களில், தகவல் பதியும் வட்டுகள் தம் பிழைகளைத் தாமே எண்ணித் தெரிவிக்கும் 'ஸ்மார்ட்' முறை பரவிற்று. பலருக்கும் ஒரே சமயத்தில் பணிபுரியும் பெரிய கணிப்பொறியைச் 'சர்வர்' என்கிறோம். அதன் வெப்பம், விசிறியின் வேகம், மின்னழுத்தம் ஆகியவற்றைத் தனியானதொரு சிறு பொறி கண்காணிப்பதற்கான பொதுவிதிகளை இன்டெல், ஹியூலெட்-பக்கார்ட், டெல், என்.ஈ.சி. ஆகிய நான்கு நிறுவனங்கள் 1998-இல் வகுத்தன. சர்வர் செயலற்றுக் கிடப்பினும், மின்சாரம் உள்ளவரை அக்காவலன் விழித்திருப்பான்.

அந்நால்வருள் ஒன்றான ஹியூலெட்-பக்கார்ட், 2002-இல் ஆந்திர அரசுடன் சேர்ந்து குப்பத்திலேயே சமூகத் தகவல் மையங்களைத் தொடங்கியது. கணிப்பொறி இவ்வாறு கிராமத்து வாசலுக்கு வந்தது. இன்று நிலப் பதிவேடும் பிறப்புச் சான்றும் எங்கோ ஒரு சர்வரில் உறைகின்றன. ஒரு வட்டு அழிந்தால், உழவனின் உரிமைக்கே ஊறு நேரலாம் அன்றோ?

அவ்வாறாயின், காவலன் சொல்லை முற்றிலும் நம்பலாமா? கூகிள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவு நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. பழுதான வட்டுகளுள் பாதிக்கு மேற்பட்டவை, முதன்மையான நான்கு அறிகுறிகளுள் ஒன்றையேனும் காட்டாமலே மாண்டன. எச்சரிக்கை வந்தால் விரைந்து செயற்படுதல் வேண்டும். வராமையால் நலம் என்று கொள்ளுதல் ஆகாது.

நாடி பார்ப்பதோடு நில்லாமல், பதிவேட்டின் படி ஒன்றை வேறோர் இடத்தில் வைப்பதும், அப்படியைத் திறந்து படிக்க முடிகின்றதா என்று அவ்வப்போது சோதிப்பதும் ஆகிய இரண்டுமே மெய்யான காவல். செங்கொடி கையில் இருந்தால் மட்டும் போதாது. வண்டியை நோக்கும் கண்ணும் விழித்திருத்தல் வேண்டும்.