நடுவர் ஆசனமும் மலையகத்தின் குரலும்

தொலைக்காட்சியில் நடைபெறும் பாட்டுப் போட்டிகள் ஆண்டுக்கணக்கில் நீண்டு, இன்று ஒரு நிறுவனமாகவே நிலைபெற்றுவிட்டன. ஹிந்தி மொழியில் 'சரிகம' 1995ஆம் ஆண்டு தொடங்கியது. அமெரிக்காவில் 'அமெரிக்கன் ஐடல்' 2002இலும், இலங்கையில் சிங்கள மொழியில் 'சிரச சூப்பர் ஸ்டார்' 2006இலும் ஆரம்பமாயின. இப்போட்டிகளில் பாடுவோர் ஆண்டுதோறும் மாறுவது இயல்பு. ஆனால், நடுவர் ஆசனத்தில் ஒரு புதியவர் வந்து அமரும்போதே பெரும் பேச்சு எழுகின்றது. அவர் எத்தனை படங்களில் பாடியவர், எத்தனை விருதுகள் பெற்றவர் என்று விசாரிக்கின்றோம். அவர் யாருடைய பாட்டைக் கேட்டு வளர்ந்த செவியோடு வருகிறார் என்று மட்டும் விசாரிப்பதில்லை. கண்டி மாநகரின் வரலாற்றையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களின் வரலாற்றையும் அறிந்தோர்க்கு இந்தக் கேள்வி சிறியதாகத் தோன்றாது.

முடியாட்சிக் காலத்துக் கண்டியில் 'கவிகார மடுவ' என்னும் அரசவைப் பாடகர் கூடம் இருந்தது. 1707 முதல் 1739 வரை ஆண்ட நரேந்திரசிங்க மன்னன் காலத்தில் அது சிறந்து விளங்கியது. அவனுக்குப் பின் அரியணை ஏறிய நாயக்க மன்னர் காலத்தில் தென்னிந்திய இசையின் சாயலும் அவைப் பாடல்களிற் படிந்தது. கண்டி நடனத்தில் இன்றும் நிலைத்திருக்கும் 18 வன்னங்கள் அந்த அரசவை மரபின் செல்வமேயாம். எனினும், அந்த அவையிற் பாடியவனுக்கு நடுவன் அரசன் ஒருவனே. அவன் செவிக்கு இனித்தால் பரிசிலும் நிலமும் உண்டு. இனிக்காவிட்டால் முறையிட வேறோர் இடமில்லை. 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானதோடு அந்த அவை கலைந்தது.

அதன் பின்னர் இம்மலைகளிற் காப்பி வந்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். காட்டை அழித்து நாட்டை ஆக்கத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் மக்கள், கையில் உடைமை ஏதுமின்றி வந்தபோதும் பாட்டைக் கொண்டுவந்தனர். விடியலில் தப்பொலி எழுந்து அவர்களைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது. லயத்துக் காம்பராக்களில் தாலாட்டும் ஒப்பாரியும் வளர்ந்தன. தோட்டத்துத் திடலிற் காமன் கூத்து நடந்தது. அந்தப் பாட்டுகளுக்கு மேடையும் இல்லை, நடுவரும் இல்லை. ஒருத்தி பாடியதை அடுத்த நிரையில் கொழுந்தெடுப்பவள் வாங்கிப் பாடினால், அந்தப் பாட்டு வாழ்ந்தது. தோட்டத்துக் கணக்கேட்டில் கொழுந்தின் எடை நாள்தோறும் பதிவாயிற்று. பாட்டு எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை.

அதனைப் போராட்டத்தின் குரலாக்கியவர் மீனாட்சி அம்மாள். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியாரான அவர், தோட்டம் தோட்டமாகச் சென்று பாடிக் கூட்டம் சேர்த்தார். அவருடைய பாட்டுகள் 1940இல் நூலாகவும் வெளிவந்தன. பின்னாளில், கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான ஸி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்து, 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாகத் தந்தார். அந்த மக்களின் பாட்டை மதிப்பிட வந்த செவிகளுள் அவர்களிடையே பிறந்த செவி அவருடையது.

நாடு முழுவதற்கும் பாட்டை நிறுத்துப் பார்க்கும் தராசு வானொலியோடு வந்தது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டியை அடுத்த பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அந்தப் படைக்காகக் கொழும்பில் நிறுவப்பெற்ற வானொலியின் வலிமை மிக்க ஒலிபரப்புக் கருவிகளே போருக்குப் பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தன. யாரைப் பாடவிடுவது என்ற கேள்வியும் உடன் எழுந்தது. 1952இல் வானொலிக் கலைஞரைத் தேர்வு செய்து தரம் பிரிக்க, லக்னோ பாத்கண்டே இசைக் கல்லூரியிலிருந்து பண்டிதர் ரத்தன்ஜங்கர் அழைக்கப்பட்டார். அதே கல்லூரியிற் கற்றுத் தேர்ந்தவரான சுனில் சாந்த அத்தேர்வுக்கு முன் நிற்க மறுத்தார். இந்நாட்டு மொழிக்கும் மண்ணுக்கும் ஏற்ற இசையை ஆக்க முயன்றவர் அவர். அதனை வட இந்திய அளவுகோல் கொண்டு அளப்பது முறையன்று என்பது அவர் நிலை. மறுப்பின் விலையாக வானொலியின் கதவு அவருக்கு அடைபட்டது. மறுபுறம், அதே தேர்வில் ஏற்றம் பெற்ற அமரதேவ, பின்னர் லக்னோ சென்று பயின்று திரும்பிச் சிங்கள இசையின் தலைமகனானார். ஆகவே, வெளியிலிருந்து வரும் நடுவரெல்லாம் தீங்கென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால், அவர் கையிலுள்ள அளவுகோல் எந்த மண்ணில் செய்யப்பட்டது என்று கேட்கும் உரிமை பாடுவோர்க்கு உண்டு.

பாட்டுக்கு மட்டுமா தீர்ப்பு வந்தது? மலையக மக்களின் வாழ்வுக்கே பிறர் தீர்ப்பு எழுதினர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கைப் பின்னாளைக்கு ஒத்திவைத்தது. அந்த மக்களின் குரலைக் கேளாமலே எழுதப்பட்ட தீர்ப்பு அது. கண்டியிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட ரயில்களிற் பிரிந்த குடும்பங்கள் எத்தனை!

இந்த வரலாற்றை நெஞ்சில் வைத்துக்கொண்டே 2023ஆம் ஆண்டை நாம் நோக்குகின்றோம். அந்த ஆண்டு ஜீ தமிழ் தொலைக்காட்சியின் 'சரிகமப' சிறுவர் போட்டி மேடையில், புசல்லாவையை அடுத்த நயாப்பனத் தோட்டத்துச் சிறுமி அசானி பாடினாள். தேர்வுச் சுற்றுக்கு உரிய நேரத்தில் அவள் சென்று சேர இயலவில்லை. எனினும் அவள் குரலைக் கேட்ட பின், அவளும் போட்டியிற் சேர்த்துக்கொள்ளப்பட்டாள். யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா அந்த ஆண்டின் முதற் பரிசை வென்றாள். இலங்கைத் தமிழர் மகிழ்ந்தனர். லயங்களில் மக்கள் தொலைக்காட்சியைச் சூழ்ந்து அமர்ந்தனர். தீர்ப்பெழுதும் முன்னர் குரலைக் கேட்டார்களே, அந்த ஒன்றுக்காகவேனும் நடுவர்களை நாம் பாராட்டுகின்றோம்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. இத்தகைய மேடைகளில் ஏழைப் பிள்ளையின் பாட்டுக்கு முன்னே அவள் வறுமை காட்சியாகின்றது. நடுவர் கண் கலங்குகிறார்; அரங்கு கைதட்டுகிறது; விளம்பரம் வருகிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாய் என்று 2021இல் நிர்ணயிக்கப்பட்டது. அசானி பாடிய நாளிலும் அதே கூலிதான். அந்தக் கூலிக்காகத் தாய்மார் கொழுந்து கிள்ளுகையில், மகளின் வறுமையைக் கண்டு சிந்தும் கண்ணீர் நீதியாகிவிடுமா? குரலுக்குரிய மதிப்பெண்ணைக் குரலுக்குத் தர வேண்டும். இரக்கத்தை மதிப்பெண்ணாக்குவது அந்தப் பிள்ளையின் திறமைக்கே இழுக்கு.

புதிய நடுவர்களைப் பற்றிய கேள்விக்கு மீள்வோம். 2005இல் 'அமெரிக்கன் ஐடல்' போட்டியில் வென்ற கேரி அண்டர்வுட், 2025இல் அதே போட்டியின் நடுவராய் அமர்ந்தார். சிறுமியாய்ச் 'சரிகம' மேடையிற் பாடி வென்ற ஸ்ரேயா கோஷல், பின்னர் 'இண்டியன் ஐடல்' நடுவரானார். மேடையில் நடுங்கி நின்றவரே ஆசனத்துக்கு வரலாம் என்பதற்கு இவை சான்று. அவ்வாறாயின், தப்பின் அடியையும் காமன் கூத்தின் மெட்டையும் பிறவியிலிருந்தே அறிந்த ஒருவர் அந்த ஆசனத்துக்கு ஏன் வரலாகாது? மலையகத்திலே பயிற்சி பெற்ற இசை ஆசிரியர் இல்லையா? கூத்துக் கலைஞர் இல்லையா?

நம் பிள்ளைகள் கடல் கடந்து சென்று பாடட்டும், வெல்லட்டும். அதே வேளையில், அவர்கள் பாட்டி பாடிய பாட்டைக் கேட்டு, அதன் தாளம் தவறியதையும் தவறாததையும் பிரித்தறியும் செவியும் அந்த ஆசனத்தில் இருக்கட்டும். இருநூறு ஆண்டுக் காலம் பிறர் தீர்ப்பின் முன் நின்ற மக்கள், இனித் தீர்ப்புச் சொல்லும் இடத்திலும் அமர வேண்டும். அதற்கான இசைக் கல்வியைத் தோட்டப் பாடசாலைகளிலேயே தொடங்குமாறு கோருவது நம் கடமையாகும்.