வரிசையும் சேர்வும்: ஒரு ஜமக்காளக் கணக்கு

கோபிசெட்டிபாளையத்தில் பிளஸ் ஒன் படிக்கும் யாரிடமும் வரிசைமாற்றத்துக்கும் சேர்வுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டுப் பாருங்கள். “வரிசை முக்கியம்னா வரிசைமாற்றம், இல்லீன்னா சேர்வுங்க” என்று சட்டென்று பதில் வரும். பதில் சரிதான். ஆனால் அது இரண்டையும் பிரித்துக் காட்டுகிறதே தவிர, அவற்றின் உறவைக் காட்டவில்லை. அந்த உறவைப் பார்க்கப் பக்கத்து ஊர்த் தறி ஒன்று போதும்.

கோபியைத் தாண்டிச் செல்லும் பவானி ஆறு காவிரியில் கலக்கும் இடம் பவானி. ஜமக்காளத்துக்குப் பேர்போன ஊர். குழித்தறியில் ஊடை நூலின் நிறத்தை மாற்ற மாற்ற, ஜமக்காளத்தில் பட்டை பட்டையாக நிறம் விழுகிறது. நெசவாளரிடம் ஏழு நிற நூல் இருக்கிறது, ஒரே அகலத்தில் நான்கு பட்டை போட வேண்டும், ஒரு நிறம் ஒரு முறைதான் வரலாம் என்று வைத்துக்கொள்வோம். எந்த நான்கு நிறம் என்று தேர்வது சேர்வு. அதற்கு 35 வழி. எதை அடுத்து எது என்பதையும் கணக்கில் கொண்டால் வரிசைமாற்றம். அதற்கு 840 வழி. நான்கு நிறங்களைத் தங்களுக்குள் 24 விதமாக இடம் மாற்றலாம் என்பதால், 840ஐ 24ஆல் வகுத்தால் 35 வந்துவிடுகிறது. நூல் வாங்கும்போது சேர்வாக இருந்த கணக்கு, தறியில் உட்கார்ந்ததும் வரிசைமாற்றமாகிறது.

சேர்வுக்கு ஒரு சமச்சீர் உண்டு. நான்கு நிறங்களை எடுப்பதும் மூன்றை ஒதுக்குவதும் ஒரே செயல். ஆகவே ஏழில் மூன்றைத் தேர்ந்தாலும் அதே 35. வரிசைமாற்றத்துக்கு அது இல்லை. ஏழில் நான்கை அடுக்கினால் 840, மூன்றை அடுக்கினால் 210. எடுத்த நிறங்களுக்குத்தான் வரிசை உண்டு, ஒதுக்கியவற்றுக்கு இல்லை.

இனி, நெய்து முடித்த ஜமக்காளத்தைத் திண்ணையில் விரிப்போம். தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகத் திருப்பிப் போட்டால் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்றிருந்தது மஞ்சள், நீலம், பச்சை, சிவப்பு ஆகிறது. ஜமக்காளமோ அதேதான். எனவே உண்மையில் வேறுபட்ட ஜமக்காளங்கள் 420 மட்டுமே. இந்த 420 வரிசைமாற்றமா, சேர்வா? இரண்டும் இல்லை. இங்கே வரிசை முக்கியம்தான், ஆனால் முழுவதும் இல்லை. அதனால்தான் “வரிசை முக்கியமா?” என்பதைவிட “எவற்றையெல்லாம் ஒன்றாகக் கொள்கிறோம்?” என்பதே நல்ல கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. எதையும் ஒன்றாகக் கொள்ளாவிட்டால் 840, திருப்பிப் போட்டதை மட்டும் ஒன்றாகக் கொண்டால் 420, எல்லா இடமாற்றங்களையும் ஒன்றாகக் கொண்டால் 35. மூன்றுக்கும் தொடக்கம் ஒரே எண்ணிக்கை.

ஒரு நிறம் எத்தனை முறையும் வரலாம் என்று விதியைத் தளர்த்தினால் நிலைமை மாறிவிடுகிறது. வரிசைக் கணக்கு இன்னும் எளிதாகிறது: 7 × 7 × 7 × 7, அதாவது 2401. சேர்வுக் கணக்கோ சிக்கலாகிறது. 2401ஐ 24ஆல் வகுத்தால் மீதி வருகிறது! நான்கும் சிவப்பென்றால் அதற்கு ஒரே வரிசைதான். மூன்று சிவப்பும் ஒரு பச்சையும் என்றால் நான்கு வரிசை. குழுக்கள் சம அளவில் இல்லாதபோது வகுப்பதற்குப் பொதுவான எண் ஏது? வேறு வழியில்தான் எண்ண வேண்டும், விடை 210.

இதே சமமின்மை தமிழ் வகுப்பிலும் இருக்கிறது. நேர், நிரை என்ற இரண்டு அசைகளை மூன்று இடங்களில் நிரப்பினால் தேமாங்காய் முதல் கருவிளங்கனி வரை எட்டு மூவசைச்சீர்கள். வரிசையைப் பாராமல் எத்தனை நேர், எத்தனை நிரை என்று மட்டும் பார்த்தால் எட்டும் நான்கு குழுக்களாகச் சுருங்கும். அவற்றின் அளவு 1, 3, 3, 1. ஓசைக்கு வரிசைதான் உயிர் என்பதால் யாப்பிலக்கணம் எட்டையும் தனித்தனியே பெயரிட்டு வைத்தது.

வரிசையை விட்டுவிடுவது எளிய வேலை அல்ல என்பதற்கு மிகப் பெரிய சான்று, 1887இல் ஈரோட்டில் பிறந்த இராமானுஜனின் பிரிவினைக் கணக்கு. 4ஐ இயல் எண்களின் கூட்டலாக எழுதும்போது 3+1, 1+3 இரண்டையும் வெவ்வேறாகக் கொண்டால் எட்டு வழி. ஒன்றாகக் கொண்டால் ஐந்து; பிரிவினை என்பது இதுதான். முதல் வகைக்குப் பள்ளி மாணவரே விதி சொல்லிவிடுவார்: எண் ஒன்று கூடினால் வழிகள் இரட்டிப்பாகும். 200க்கு அந்த விடை 60 இலக்கம் கொண்டது. ஆனாலும் 2இன் 199ஆம் அடுக்கு என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. இரண்டாம் வகையில் 200க்கு விடை 39,72,99,90,29,388. வெறும் 13 இலக்கம். ஆனால் கணிதவியலர் மெக்மேகன் அதைக் கைக்கணக்காகப் போட்டுத்தான் கண்டார். அந்தச் சிறிய எண்ணைச் சூத்திரத்தால் எட்டிப்பிடிக்க, கணிதவியலர் ஹார்டியும் இராமானுஜனும் புதியதொரு பகுப்பாய்வு முறையையே உருவாக்க வேண்டியிருந்தது. 1918இல் அது வெளிவந்தது.